பிரித்தலும் பூட்டலும்

சொல்லிலக்கணமாம் ஸர்பைக் கற்பிக்கையில், சொல்லைப் பிரித்து வேரைக் காட்டி, மீண்டும் பூட்டச் சொல்கிறோம். இயந்திரத்தையும் அவ்வாறே பயின்ற ஒருவரைக் கொங்கு நாடு கண்டது.

கோவையை அடுத்த கலங்கலில் 1893ஆம் ஆண்டு பிறந்த ஜி.டி. நாயுடு, பள்ளிப் படிப்பில் நாட்டம் கொள்ளாதவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் அவர் மனத்தைப் பற்றியது. கோவை உணவு விடுதியொன்றில் உழைத்துப் பணம் சேர்த்து, அதையே வாங்கினார். உறுப்பு உறுப்பாகக் கழற்றினார். ஒவ்வொன்றின் பணியையும் அறிந்து மீண்டும் பூட்டினார்.

அக்கல்வி வீண்போகவில்லை. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. கிணற்று நீரை நம்பிய கொங்கு உழவர்க்கு அதனைப் பயன்படுத்த மோட்டார் வேண்டியிருந்தது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து அவர் மின்மோட்டார் செய்தார்.

1945இல் பொறியியற் கல்லூரியும் தொடங்கி, அதன் முதல்வருமானார். பாடத்திற்கு நான்கு ஆண்டுகள் மிகை, இரண்டே போதும் என்றார். அரசு இசையவில்லை, அவர் விலகினார்.

கால அளவில் அவரோடு மாறுபடுவோர் உண்டு. ஆயினும், பிரித்துப் பாராதவன் பொருளை அறியான் என்பதை ஆசிரியராகிய நாம் மறுக்க இயலாது. வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றிய சிறுவனைத் தண்டிக்குமுன், அதைப் பூட்டிக் காட்ட ஒருநாள் தவணை அளிப்போமாக!