பிந்தி வந்த பெயர்: பெரியவர்களின் ஆட்டிசப் பரிசோதனை குறித்து

திண்டுக்கல்லில், ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் பெயரால் வழங்கும் பேகம்பூரிலும் அதனைச் சூழ்ந்த தெருக்களிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நம் குடும்பங்களில், "அவர் ஒரு மாதிரி" என்ற சொல்லோடு விட்டுவிடப்பட்ட மனிதர்கள் பலர் உண்டு. நிக்காஹ் வீட்டில் பந்திக்கு முன்பே கிளம்பிவிடுவார். வேடிக்கையாகச் சொன்னதை மெய்யென்று எடுத்துக்கொள்வார். தோல் கணக்கையோ பூட்டுப் பட்டறை வேலையையோ ஒப்படைத்தால் அவரிடம் பிழை காண முடியாது. அவரைப் போன்ற இயல்புடைய அடுத்த தலைமுறையினர் இன்று முப்பதையும் நாற்பதையும் கடந்து நிற்கின்றனர். அவர்களில் சிலர், "எனக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ள விரும்புகிறேன்" என்று வீட்டில் சொல்லத் துணிகின்றனர். "சிறு வயதில் தெரியாதது இப்போது எப்படித் தெரியும்?" என்று அத்தாமார்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். அதற்கு வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது.

ஆட்டிசம் என்னும் சொல்லை 1911இல் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் யூஜென் ப்ளாய்லர் கையாண்டபோது, அது மனச்சிதைவு நோயின் ஓர் அறிகுறியை மட்டுமே குறித்தது. 1920களில் மாஸ்கோவில் குருன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதினார். உலகம் அதனை நெடுங்காலம் மறந்திருந்தது. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கேனர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தைத் தனி நிலையாக நிறுவியது. அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதினார். இவர்கள் அனைவரும் பார்த்தது குழந்தைகளை. அக்குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாவார்கள் என்பதையே மருத்துவம் மறந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதற்குச் "சிசுப்பருவ ஆட்டிசம்" என்றே பெயரிட்டது. வளர்ந்தவர்களிடம் காணப்பட்டதை "எச்ச நிலை" என்று ஒதுக்கியது. 1981இல் லண்டனைச் சேர்ந்த லோர்னா விங், தாமே ஓர் ஆட்டிசக் குழந்தையின் தாய், ஆஸ்பெர்கரின் எழுத்தை ஆங்கில உலகுக்கு மீட்டுத் தந்தார். பேச்சும் அறிவும் குறைவின்றி அமைந்தவர்களிடமும் இந்நிலை இருக்கலாம் என்பது அதன் பின்னரே மெல்லப் பரவிற்று. 2013இல்தான் எல்லாப் பிரிவுகளும் ஒரே நிறமாலையின் கீழ் வந்தன.

1980இல் திண்டுக்கல்லில் பிறந்த ஒருவரை எண்ணிப் பார்ப்போம். நம் மாவட்டமே 1985இல்தான் மதுரையிலிருந்து பிரிந்து பிறந்தது. அப்போது அவருக்கு வயது ஐந்து. தில்லியில் ஆட்டிசத்திற்கென்று "ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்" அமைப்பு 1991இல் தொடங்கியபோது பதினொன்று. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு குறைபாடுகளைப் பட்டியலிட்டது. அதில் ஆட்டிசம் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைப் பெயர் சொல்லி ஏற்றபோது அவர் பத்தொன்பது வயது இளைஞர். கல்வி, வேலை உரிமைகளோடு அதனை இணைத்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது முப்பத்தாறு. ஆசிரியருக்கோ அக்கம்பக்கத்து மருத்துவருக்கோ தெரியாத ஒரு பெயரை அவருடைய அத்தாவும் அம்மாவும் எப்படிக் கண்டிருப்பார்கள்? அவர்கள் மீது குற்றமில்லை. பிந்திக் கேட்கும் மகன்மீதும் குற்றமில்லை.

தமிழில் கிடைத்த பெயரும் குறையுடையதே. அரசு ஆவணங்களில் "புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்" என்று காண்கிறோம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் இரைச்சலும், டியூப் லைட்டின் ரீங்காரமும், அடுத்தவர் சட்டையின் அத்தர் மணமும் ஒருசேர உள்ளே புகுந்து தாங்க முடியாமல் ஜும்ஆவின் கடைசி வரிசையில் நிற்பவரைப் புற உலகச் சிந்தனையற்றவர் என்பது எவ்வளவு முரண்!

கேனர் எழுதிய முதல் குழந்தையின் வாழ்க்கையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டொனால்ட் ட்ரிப்லெட் 1933இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். மருத்துவர்கள் சொற்படி மூன்று வயதில் ஒரு காப்பகத்தில் விடப்பட்டார். ஓராண்டில் பெற்றோர் திரும்ப அழைத்துவந்தனர். அவருடைய தந்தை மகனைப் பற்றி 33 பக்கம் தட்டச்சு செய்து கேனருக்கு அனுப்பினார். அந்தத் தந்தையின் நினைவுகள்தாம் ஒரு புதிய மருத்துவ அறிவுக்கு அடித்தளமாயின. பின்னர் டொனால்டை ஓர் உழவர் இணையர் தம் பண்ணையில் வைத்துக்கொண்டனர். எண்ணிக்கொண்டே இருப்பது அவர் பழக்கம். அதனைத் தடுக்காமல், ஏர் ஓட்டும்போது சோள வரிசைகளை எண்ணவிட்டனர்; எதையும் அளந்து பார்க்கும் ஆவலுக்கு ஒரு கிணற்றைத் தோண்டி ஆழத்தைச் சொல்லும் வேலை தந்தனர். அவர் கல்லூரி முடித்தார், உள்ளூர் வங்கியில் பணியாற்றினார், கோல்ஃப் ஆடினார், நாடு நாடாகப் பயணித்தார், 2023இல் 89 வயதில் மறைந்தார். ஊர் அவரைத் தன் மனிதராக ஏற்றுக்கொண்டிருந்தது.

நம் வரலாற்றிலும் இரு பக்கங்கள் உள்ளன. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனை வக்ஃபு சொத்தின் வருவாயில் இயங்கியது. மனநலம் குன்றியோருக்கும் அங்கே இடம் இருந்தது. இதைப் பெருமையோடு சொல்லும் நாம், 2001 ஆகஸ்ட் 6ஆம் நாளையும் சொல்லியாக வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். வேறுபட்ட மனம் என்றால் ஜின், கண்ணேறு, பைத்தியம் ஆகிய மூன்றைத் தவிர வேறு சொல் அறியாத குடும்பங்களுக்கு அந்தச் சாலை ஒன்றே தெரிந்திருந்தது. துஆ கேட்பதை எவரும் தடுக்கவில்லை. துஆவோடு மருத்துவரிடமும் செல்லலாம்.

செல்லுமிடத்தில் ஒரு தடை உண்டு. நம் நாட்டின் ஏற்பாடுகள் பெரும்பாலும் குழந்தைகளுக்கானவை. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம் 18 வயதோடு முடிகிறது. இங்கிலாந்தில் 2009இலேயே ஆட்டிசமுள்ள பெரியவர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றினார்கள். இங்கே அத்தகைய சட்டம் இல்லை. சான்றிதழுக்கு நம் நாட்டில் பயன்படும் அளவுகோல் 40 கூற்றுகளைக் கொண்டது; நாற்பது ஆண்டுகளாகப் பிறரைப் பார்த்துப் பார்த்துத் தன்னை மறைக்கக் கற்றுக்கொண்ட ஒருவர், குறிப்பாக ஒரு பெண், அதில் எளிதாகத் தெரியமாட்டார். ஆகவே பெரியவர்களைப் பார்த்துப் பழகிய மனநல மருத்துவரையும் மருத்துவ உளவியலாளரையும் தேடுவது அவசியம். திண்டுக்கல்லில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துள்ளது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் தொலைவில் இல்லை. முடிவு ஆட்டிசமாக இல்லாமல் பதற்றமாகவோ மனச்சோர்வாகவோ இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. ஆட்டிசமே என்றால் அதனை நீக்கும் மருந்து எதுவுமில்லை. "குணமாக்குகிறோம்" என்பவரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

தங்கையின் வரன் கெடும் என்று அஞ்சி இதனை மறைக்கும் வீடுகளை நாம் அறிவோம். மறைப்பதால் பரிசோதனையே முடங்கிப்போகிறது. ஏனெனில் மருத்துவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் சிறுவயதைப் பற்றியவை: எப்போது பேச்சு வந்தது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பினானா, மற்ற பிள்ளைகளோடு எப்படி விளையாடினான், எந்தத் துணியை உடுத்த மறுத்து அழுதான், மத்ரஸாவில் உஸ்தாத் என்ன சொன்னார். இந்தக் குணங்கள் இளம் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பது நோயறிதலின் விதி. அந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தவர் பெரும்பாலும் அம்மா ஒருவர்தான். அவருக்கு இப்போது எழுபது வயது கடந்திருக்கும்.