கண்ணும் மூக்கும் நாவும் அறியாத நஞ்சு

கிணற்று நீர் நல்லதா, கெட்டதா என்று அறிய நம் முன்னோரிடம் மூன்று கருவிகள் இருந்தன. அவை கண், மூக்கு, நா என்பவை. நீர் தெளிந்திருக்க வேண்டும். நாற்றம் இருத்தல் ஆகாது. நாவில் இட்டால் உவர்ப்போ கசப்போ தோன்றுதல் ஆகாது. அவ்வளவே சோதனை. காலரா போன்ற நோய்களின் கிருமிகளை இச்சோதனை காட்டிக் கொடுக்கவில்லை. ஆயினும் நீரைக் காய்ச்சிக் குடித்தால் அக்குறையும் பெரும்பாலும் நீங்கிற்று. காய்ச்சினாலும் நீங்காத நஞ்சு ஒன்று, இம்மூன்று கருவிகளுக்கும் தப்பிக் கிணற்றினுள் புகுந்த வரலாற்றையே இன்று சொல்லப் புகுகின்றேன்.

திருச்செந்தூர்க் கடற்கரையில் உள்ள நாழிக்கிணற்றை நம் பகுதியில் அறியாதார் இலர். கடலாடி வரும் அடியார்கள் படியிறங்கிச் சென்று அதன் நன்னீரில் மீண்டும் நீராடுகின்றனர். முருகப் பெருமான் தன் படைவீரரின் தாகம் தீர வேலால் உண்டாக்கிய ஊற்று அது என்பது புராண மரபு. கடலுக்கு அண்மையில் நன்னீர் நிற்பதற்கு நிலநூலாரும் ஒரு விளக்கம் தருகின்றனர். மணலுள் இறங்கும் மழைநீர், தன்னைவிடக் கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. குதிரைமொழித் தேரியின் செம்மணலும் மழையை இவ்வாறே உள்வாங்குகின்றது. ஆனால் ஒன்றை மறத்தல் கூடாது. மழையை உள்ளே விடும் மணல், மழையோடு கரைந்து வருவது எதுவாயினும் அதையும் உள்ளே விடும்.

முதற்கண் நாவுக்குத் தெரிந்த கேட்டைக் காண்போம். தமிழ்நாட்டில் பாலாற்றங்கரையிலும் திண்டுக்கல் பகுதியிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றின் கழிவுநீர் நிலத்துள் இறங்க, கிணறுகள் கரித்தன. திண்டுக்கல் வட்டாரத்தில் 13 சிற்றூர்களில் எடுத்த கணக்கெடுப்பில், 467 கிணறுகளுள் 350 கெட்டிருந்தன. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும். கேடு வருமுன் காத்தலும் கடமை. இவ்விரண்டும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

அடுத்து, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிந்த கேடு. கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புப் பாறையின் பிளவுகளில் தேங்கும் மழைநீரே அம்மக்களின் உயிர்நாடி. அங்கே சுன்னாகத்தில், மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் படர்ந்தது. வாளியை இழுத்தவர் கண்டனர், முகர்ந்தவர் அறிந்தனர், மக்கள் திரண்டு முறையிட்டனர். 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ஆணையிட்டது.

இவ்விரண்டு ஊர்களிலும் புலன்களே முதற் சாட்சிகளாக நின்றன. புலன்கள் சாட்சி சொல்ல இயலாதபோது என் செய்வது? அதற்கு விடை காண, வடதிசையில் உள்ள சுவீடன் நாட்டுக்குச் செல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு நுரையின் கதையை அறிதல் நலம்.

பெட்ரோல் தீயின்மேல் தண்ணீரைக் கொட்டினால், எண்ணெய் நீரின்மேல் மிதந்து, தீயையும் உடன் பரப்பும். இதற்கு மாற்றாக 1960-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் புதிய நுரை ஒன்றை உருவாக்கிற்று. ஃபுளோரின் கலந்த சேர்மங்கள் அதில் இருந்தன. அவை எண்ணெயின்மேல் மெல்லிய படலமாகப் பரவித் தீயை மூடின. 1967 ஜூலை 29 அன்று ‘ஃபாரஸ்டால்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் தீப்பற்றி 134 பேர் மாண்டனர். அதன்பின் அந்நுரை கப்பல்களிலும் விமானத் தளங்களிலும் பரவியது. உயிர்காக்க வந்த பொருளே அது, ஐயமில்லை. ஆனால் கார்பனும் ஃபுளோரினும் கொண்ட பிணைப்பு மிக வலியது. வெயிலும் மழையும் மண்ணின் நுண்ணுயிர்களும் அதை எளிதில் அறுக்க மாட்டா.

சுவீடனில் ரோன்னபி நகரை அடுத்த கல்லிங்கே என்னும் ஊரில் விமானப்படைத் தளம் ஒன்று உண்டு. 1980-களின் நடுவிலிருந்து வீரர்கள் அங்கே தீயணைப்புப் பயிற்சி செய்தனர். பயிற்சி முடிந்ததும் நுரை மண்ணுள் இறங்கியது. அம்மண்ணின் கீழிருந்த நீரையே நகராட்சி ஊருக்கு வழங்கியது. நீர் தெளிந்திருந்தது, மணமில்லை, சுவையும் கெடவில்லை. 2013 டிசம்பரில் ஆய்வாளர் சோதித்தபோது, அவ்வகைச் சேர்மங்கள் எல்லாம் சேர்ந்து லிட்டருக்கு 10,000 நானோகிராமுக்கு மேல் இருந்தன. நீர்நிலையம் உடனே மூடப்பட்டது. அச்சேர்மங்களுள் இரண்டு ஒவ்வொன்றும் குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராமைத் தாண்டலாகாது என்று அமெரிக்கா 2024-இல் வரம்பிட்டது. அஃது இலட்சம் கோடியில் 4 பங்கு. வரம்பின் நுண்மையே நஞ்சின் கொடுமையை உணர்த்தும்.

குடித்த மக்களின் இரத்தத்தில் அச்சேர்மங்கள் ஏறியிருந்தன. அவர்களுள் 150-க்கு மேற்பட்டோர் நீர் வழங்கிய நகராட்சி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். நோய் வெளிப்படாதபோது ஈடு எதற்கு என்ற கேள்வி எழுந்தது. 2023 டிசம்பரில் சுவீடன் உச்ச நீதிமன்றம் விடை கூறிற்று: இரத்தத்தில் அவை மிகுந்திருப்பதே உடலுக்கு நேர்ந்த ஊறு. நா அறியாத கேட்டுக்கும் நீதி உண்டு என்பது அத்தீர்ப்பின் பொருள். எனினும், நீதி வந்தது நீரைக் குடித்த பின்னரே ஆகும்.

மாணவ நண்பர்களே, துறைமுகமும் விமானநிலையமும் எரிபொருட் கிடங்கும் நம் தாமிரபரணிப் பகுதியிலும் உள்ளன. எண்ணெய் இருக்கும் இடத்தில் தீயணைக்கும் நுரையும் வேண்டும்; அதை வேண்டாம் என்பது பேதைமை. ஃபுளோரின் இல்லாத நுரைகள் இன்று கிடைக்கின்றன. எந்த நுரை வைக்கப்பட்டுள்ளது, பயிற்சி நடக்கும் தளம் மண்தரையா கல்தளமா, கழுவிய நீர் எங்கே செல்கின்றது என்று கேட்பது குடிமக்களின் உரிமை. வழக்கமான உப்புச் சோதனை இந்நஞ்சைக் காட்டாது. இதற்கெனத் தனி ஆய்வு வேண்டும். வேதியியல் பயில்வோர் அவ்வாய்வைக் கற்றுக்கொள்க. ஏனையோர் தம் ஊர்க் கிணறுகளின் ஆழம், சுவை, நீர்மட்டம் ஆகியவற்றை ஆண்டுதோறும் ஏட்டில் குறித்து வைக்க. கிணறு கெட்டது என்று மெய்ப்பிக்க வேண்டின், அது கெடுமுன் எவ்வாறு இருந்தது என்பதற்குச் சான்று வேண்டுமன்றோ?