ரேஞ்ச் எவ்ளோனு கேக்குறதுக்கு முன்னாடி, பிளக் பாயின்ட் எங்கேனு பாருங்க!

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோடு. சாயங்கால டிராஃபிக். பக்கத்தில் சத்தமே இல்லாமல் ஒரு எஸ்யூவி வந்து நிற்கிறது. பச்சை நம்பர் பிளேட். 'அடுத்து நாமளும் இதை வாங்கிடலாமா?'னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிருக்கும். இஎம்ஐ கணக்கு இருக்கட்டும். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஃபிளாஷ்பேக்.

முதல்ல வந்தது கோனா

நம்ம ஊர்லருந்து பூந்தமல்லி தாண்டிப் போனா இருங்காட்டுக்கோட்டை. 1998-ல் சான்ட்ரோவை வெளியே அனுப்பிய ஹூண்டாய் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. 2019 ஜூலையில் ஹூண்டாய் இந்தியாவில் விற்ற முதல் எலெக்ட்ரிக் எஸ்யூவியான கோனாவும் அங்கேதான் அசெம்பிள் ஆனது. 39.2 கிலோவாட் ஹவர் பேட்டரி, சோதனையில் 452 கி.மீ. ரேஞ்ச். அந்தக் காலகட்டத்துக்கு அசத்தலான நம்பர்தான்.

ஆனா, எக்ஸ் ஷோரூம் விலை 25.30 லட்சம். அடுத்த மாசமே எலெக்ட்ரிக் வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. அப்படியும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத விலைதான். 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் இவி 13.99 லட்சத்தில் வந்து இறங்கியதும் ஆட்டம் மாறிப்போச்சு. 2024-ல் கோனா இந்திய மார்க்கெட்டை விட்டே போய்விட்டது.

ரெண்டாவது ரவுண்டு: கிரெட்டா

ஹூண்டாய் இந்த முறை புதுப் பெயர் எதையும் தேடவில்லை. 2015-லிருந்து எல்லாருக்கும் பழக்கமான கிரெட்டாவுக்கே பேட்டரி வைத்து, 2025 ஜனவரியில் 17.99 லட்சம் ஆரம்ப விலையில் இறக்கியது. ரெண்டு பேட்டரி: 42 கிலோவாட் ஹவருக்கு 390 கி.மீ., 51.4-க்கு 473 கி.மீ. என்றது நிறுவனம், அறிமுகத்தின்போது.

இப்போ போட்டியும் சாதாரணமானது இல்லை. டாடா கர்வ், மஹிந்திரா பிஇ 6, எம்ஜி-னு வரிசை நீளுது. மாருதியோட முதல் எலெக்ட்ரிக் காரான இ-விட்டாராவின் தயாரிப்பு 2025 ஆகஸ்ட்டில் குஜராத்தில் தொடங்கியது. அதே மாசம் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலையும் திறக்கப்பட்டது. விளம்பரத்தில் எல்லாரும் ரேஞ்ச் நம்பரைத்தான் பெருசா போடுறாங்க.

அந்த நம்பர் உங்களுக்கு முக்கியமா?

473 கி.மீ. என்பது டெஸ்ட் லேபில் வந்த கணக்கு. ஏசி, டிராஃபிக், ஹைவே ஸ்பீடு எல்லாம் சேர்ந்தா குறையும். ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ.னு வச்சுக்கோங்க. பெரிய பேட்டரியில் சுமார் 360, சின்னதில் சுமார் 290 கி.மீ. ஓடும்.

பெரம்பூர்லருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய்ட்டு வர்றீங்க, தினமும் 40 கி.மீ.னு வைப்போம். ஆறு யூனிட் கரன்ட் போதும். ஏசிக்குப் போடுற மாதிரியான 16 ஆம்ப்ஸ் பிளக்கில் மணிக்கு சுமார் 3 யூனிட் ஏறும். ரெண்டு மணி நேரத்தில் வேலை முடிஞ்சுது. ஆக, தினசரி ஓட்டத்துக்கு சின்ன பேட்டரியே தாராளம். உங்களுக்குத் தேவை, கார் நிற்கிற இடத்தில் ஒரே ஒரு நல்ல பிளக்.

பெரம்பூர்ல சிக்கலே அங்கதான். சொந்த வீடா இருந்தாலும் நிறைய பேருக்கு கார் நிற்பது தெருவில். ஜன்னல் வழியா வயரை இழுத்து நடைபாதைக்கு மேல விட்டு சார்ஜ் போடுறது ஆபத்து. அதை யோசிக்கவே வேண்டாம்.

புக்கிங்குக்கு முன்னாடி இதை முடிங்க

* அப்பார்ட்மென்ட்டா? உங்க பார்க்கிங்கிலிருந்து உங்க மீட்டருக்குத் தனி வயர் இழுக்க முடியுமானு அசோசியேஷனிடம் பேசி, எழுத்துல வாங்கிடுங்க. வீட்டிலோ ஆபீஸிலோ இருக்கும் கனெக்‌ஷனிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று 2022-லேயே மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் வந்துவிட்டது. அதைக் காட்டிப் பேசுங்க.
* வாடகை வீடா? ஹவுஸ் ஓனர் சம்மதம் முதல்ல, ஷோரூம் அப்புறம்.
* வயரிங்: எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்திங், வயரின் தடிமன், லோடு மூணையும் செக் பண்ணுங்க. 11 கிலோவாட் சார்ஜர் மாட்டணும்னா த்ரீ ஃபேஸ் கனெக்‌ஷன் வேணும்.
* கரன்ட் பில்: மாசம் 1,000 கி.மீ. ஓட்டினால், ரெண்டு மாச பில்லில் சுமார் 285 யூனிட் கூடும். வீட்டு உபயோகத்தோடு சேர்த்து ஸ்லாப் எங்கே போய் நிற்குதுனு கணக்குப் போடுங்க.
* மழை: இப்போ பல கார்களின் பேட்டரிக்கு ஐபி67 தரம் இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் அர்த்தம். அதை நம்பி கணேசபுரம் சப்வே தண்ணிக்குள்ள இறங்கிடாதீங்க. பார்க்கிங்கில் தண்ணி தேங்கும்னா சார்ஜரை உயரத்தில் மாட்டச் சொல்லுங்க.
* வாரன்ட்டி: கிரெட்டா எலெக்ட்ரிக் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. நீங்க பார்க்கிற மற்ற கார்களுக்கும் இதைக் கேட்டு ஒப்பிடுங்க.

பிளக் கிடைக்கலைன்னா?

50 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜரில் கிரெட்டாவுக்கு 10-லிருந்து 80 சதவிகிதம் ஏற 58 நிமிஷம். ஹைவே ட்ரிப்ல, ஒரு சாப்பாட்டு நேரத்தில் இது ஓகே. வாராவாரம் ஞாயித்துக்கிழமை சார்ஜிங் ஸ்டேஷன் க்யூவில் உட்காருவதுதான் வாழ்க்கைன்னா, ஆறே மாசத்தில் கார் கசந்துடும். அந்தச் சூழ்நிலையில் பெட்ரோல் காரையே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுங்க. அதில் ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்லை.

கோனாவுக்கு ரேஞ்ச் இருந்தது, நம்ம பட்ஜெட்டில் இடம் இல்லை. இன்னைக்கு விலை இறங்கி வந்திருக்கு. பார்க்கிங்கில் இடம் இருக்கானு பார்க்க வேண்டியது நீங்கதான். டெஸ்ட் டிரைவ் போற அன்னைக்கு, திரும்பி வந்ததும் கீழே பார்க்கிங்கில் போய் நின்னு, 'பிளக் எங்கே வரும்?'னு ஒரு தடவை பாருங்க. பதில் கிடைச்சா, புக் பண்ணிடலாம் பாஸ்!