ஹண்டிங்டன் ஓபியாய்டு மரணங்கள்: பொறுப்பு

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஓஹையோ ஆற்றங்கரையில் உள்ள ஹண்டிங்டன் நகரம், போதைமருந்து மிகைநுகர்வு மரணங்களுக்கு யார் பொறுப்பு என்ற வழக்கின் களம். 2016 ஆகஸ்ட் 15 அன்று சில மணி நேரத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் அங்கு மிகைநுகர்வால் மயங்கி விழுந்தனர்.

உற்பத்தியாளர்: பர்டியூ பார்மா 1996-இல் ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு வலிநிவாரணி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிமைப்படுத்தும் அபாயம் குறைவு எனத் தவறாக விளம்பரம் செய்ததாக அந்நிறுவனம் 2007-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

விநியோகஸ்தர்: எட்டு ஆண்டுகளில் 8 கோடிக்கும் மேற்பட்ட ஓபியாய்டு மாத்திரைகள் வந்து குவிந்தன என்று நகரமும் கேபல் கவுண்டியும் மூன்று பெரிய நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தன. மருத்துவர்களின் சீட்டுகளே அளவைத் தீர்மானித்தன என்று கூறி, 2022 ஜூலையில் கூட்டாட்சி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். நகரம் மேல்முறையீடு செய்தது.

பிற காரணிகள்: மாத்திரை கிடைப்பது கடினமானதும் பலர் ஹெராயினுக்கும், பின்னர் கள்ளச்சந்தை ஃபென்டனிலுக்கும் மாறினர். சுரங்க வேலைகள் குறைந்ததும், சிகிச்சை மையங்கள் போதாததும் நிலைமையை மோசமாக்கின.

சமூகத்தின் கடமை: ஓபியாய்டு மூச்சை அடக்கிக் கொல்கிறது, மூக்கில் பீச்சும் நலாக்சோன் சில நிமிடங்களில் மூச்சை மீட்கும். ஹண்டிங்டனில் 2017 முதல் ஒரு குழு, உயிர் பிழைத்தவரின் வீட்டுக்குச் சில நாள்களுக்குள் சென்று சிகிச்சைக்கு அழைக்கிறது. பழி பலரிடம் பகிரப்பட்டாலும், அடுத்த உயிரைக் காக்கும் கடமை அனைவருக்கும் உரியது.