கொச்சி யூதர் செப்பேடு

சேரப் பெருமாள் மரபைச் சேர்ந்த பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூத வணிகருக்கு வழங்கிய உரிமைப் பட்டயம். கி.பி. 1000 அளவைச் சேர்ந்தது. மன்னர் முயிரிக்கோட்டில், அதாவது கொடுங்கல்லூரில், இருந்தபோது அளித்தது. இரண்டு செப்புத் தகடுகளின் மூன்று பக்கங்களில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. இடையிடையே கிரந்த எழுத்துகள் வருகின்றன.

செய்தி: பட்டயத்தில் ரப்பானின் பெயர் ‘இசுப்பு இரப்பான்’. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையோடு பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, வடுகப்பறை, காகளம், தோரணம் முதலிய சிறப்புகளும் அவருக்குக் கிடைத்தன. உல்கும் துலாக்கூலியும், அதாவது சுங்கமும் எடைக்கூலியும், தள்ளுபடி. ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள் என வழிவழியாக இவை செல்லும். வேணாடு, வள்ளுவநாடு உள்ளிட்ட நாடுகளின் தலைவர்கள் சாட்சிகள்.

இடப்பெயர்வு: 1524இல் கொடுங்கல்லூர் யூதர்கள் தாக்குதலுக்கு ஆளாயினர். அந்நூற்றாண்டில் போர்த்துகீசியர் நெருக்கடியும் சேரவே, பலர் கொச்சி மன்னரிடம் அடைக்கலம் புகுந்தனர். 1568இல் மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டிப் பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது. 1662இல் டச்சுக்காரருக்கு உதவினர் என்று போர்த்துகீசியர் அதைச் சூறையாடினர். மறு ஆண்டே கொச்சி டச்சு வசமானது. ஆலயம் மீண்டும் கட்டப்பட்டது.

உரிமைப் பூசல்: ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து பின்னாளில் வந்தோரின் வழியினரான பரதேசி யூதர்கள், செப்பேட்டைக் காட்டித் தங்களை ரப்பானின் வாரிசுகள் என்றனர். முன்பே குடியிருந்த மலபாரி யூதர்கள் இதை ஏற்கவில்லை. பூசைப் பொருளாகப் பெட்டியில் உறங்காமல் வழக்காடும் சான்றாகப் பயன்பட்டதே செப்பேட்டுக்குக் காவலாயிற்று.

ஆய்வு: யூத மரபு இதற்குக் கூறும் ஆண்டு கி.பி. 379. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சிக்கு வந்த கிளாடியஸ் புக்கானன் எடுப்பித்த படி கேம்பிரிட்ஜ் சென்றது. குண்டர்ட், பர்னல், ஹுல்ட்ஸ் ஆகியோர் வாசகத்தை ஆராய்ந்தனர். ஆட்சியாண்டைக் கணக்கிட்டு கி.பி. 1000 என்று நிறுவியவர் எம்.ஜி.எஸ். நாராயணன்.

இன்றைய நிலை: 1948க்குப் பின் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறினர். 2017இல் இந்தியப் பிரதமர் செப்பேட்டின் நகலை இஸ்ரேல் பிரதமருக்குப் பரிசளித்தார். மூலம் மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்துக்கு உரியது.