போர் விமானத்தின் வழிவந்த மோட்டார் வண்டி

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூரை அடுத்து, வயலும் களப்பும் சூழ அமைந்த ஊர் கட்டைபறிச்சான். குடாவின் வடபுறத்திலே திருகோணமலைத் துறைமுகம் இருக்கின்றது. உலகத்துக் கலங்கள் பல இத்துறையை நாடி வந்துள்ளன. அவற்றுட் சில வணிகத்துக்காகவும், சில போருக்காகவும், சில புயலிலிருந்து உயிர் தப்புவதற்காகவும் வந்தன. 1659ஆம் ஆண்டின் இறுதியிற் சூறாவளியிற் சிக்கிப் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று, புதிய மரம் நாட்டிக்கொள்ளும் பொருட்டு இக்குடாவுக்கு வந்தது. அக்கப்பலில் வந்த ரொபேட் நொக்ஸ் என்பார் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டிற் கைதியாக இருந்த கதை யாவரும் அறிந்ததே. சிதைந்த பொருளைச் செப்பனிட்டு மீண்டும் வழிச்செல்ல முயலுதல் இக்குடாவுக்குப் புதிதன்று.

அக்குடாவின் வானிலே ஒருநாள் தோன்றி மறைந்த எஞ்சின் ஒன்றின் பின்வரலாறும் அத்தகைய முயற்சியின் வரலாறேயாகும்.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 9ஆந் தேதி காலையில் ஜப்பானியக் கடற்படையின் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. நான்கு நாட்களுக்கு முன்னர், உயிர்த்த ஞாயிறன்று, அதே படை கொழும்பைத் தாக்கியிருந்தது. தளபதி நகுமோவின் தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் வங்கக் கடலிற் புகுந்திருந்தன. அவற்றிலிருந்து எழுந்த தொண்ணூறுக்கு மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்களும், அவற்றுக்குக் காவலாக வந்த சண்டை விமானங்களும் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் நொறுக்கின. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மேல் விமானமொன்று மோதி வீழ்ந்து, தாங்கி பற்றியெரிந்தது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. அதிலிருந்தோரில் முந்நூறு பேருக்கு மேல் மாண்டனர்.

திருகோணமலையின்மேல் வந்த விமானங்கள் இரு வகையின. குண்டு வீசியவை நக்காஜிமா விமான நிறுவனத்தார் வடிவமைத்தவை. காவலாக வந்தவை மிட்சுபிஷி நிறுவனத்தில் ஹொரிக்கோஷி ஜீரோ என்னும் பொறியியலாளர் வடிவமைத்த 'ஸீரோ' விமானங்கள். ஆயினும் இருவகை விமானங்களையும் இயக்கியது ஒரே குடும்பத்து எஞ்சின்தான். நக்காஜிமா நிறுவனம் ஆக்கிய அதன் பெயர் 'சக்காயே'. பதினான்கு உருளைகளை இரண்டு வட்ட வரிசைகளில் அமைத்துக் காற்றினாற் குளிரவைக்கும் அவ்வெஞ்சின், நிறை குறைந்தது. எரிபொருளைச் சிக்கனமாக உண்பது. அச்சிக்கனமே ஜப்பானிய விமானங்கள் எதிர்பாராத தொலைவுகளுக்கு வந்து தாக்குவதற்குத் துணைநின்ற காரணங்களுள் ஒன்று.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. வென்ற நேச நாடுகள், அந்நாட்டில் இனி விமானம் செய்தலாகாது என விலக்கின. நக்காஜிமா நிறுவனம் பெயர் மாறியது. 1950ஆம் ஆண்டிற் பன்னிரண்டு சிறு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆலைகள் குண்டுவீச்சிற் சிதைந்திருந்தன. மெல்லிய உலோகத்தைக் கொண்டு உறுதியான உடல் சமைக்கவும், சிறிய எஞ்சினிலிருந்து பேராற்றல் பெறவும் கற்ற பல்லாயிரவர் வேலையற்றிருந்தனர். அழிவுக்குப் பயன்பட்ட அறிவை என் செய்வது என்னும் வினா அவர்கள்முன் நின்றது.

அவர்கள் முதலிற் செய்தது எளிய காரியம். 1946ஆம் ஆண்டில், கிடங்கிலே எஞ்சிக் கிடந்த குண்டுவீச்சு விமானங்களின் வாற்சக்கரங்களை எடுத்து, 'முயல்' என்னும் பொருள்படும் பெயருடைய இருசக்கர ஸ்கூட்டர் ஒன்றினைச் சமைத்தனர். விமானத்தின் சக்கரம் தெருவிலே உருண்டது. பின்னர் 1953ஆம் ஆண்டில், பிரிந்த நிறுவனங்களுள் ஐந்து கூடிப் புதியதொரு நிறுவனத்தை அமைத்தன. அது செய்த காருக்குச் 'சுபாரு' என்று பெயரிட்டனர். சுபாரு என்பது ஜப்பானியர் கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்கு வழங்கும் பெயர். நம் முன்னோர் அதனை அறுமீன் என்றனர். அந்நிறுவனத்தின் சின்னத்திலும் ஆறு விண்மீன்களே உள்ளன: ஐந்து சிறியவை, ஒன்று பெரியது. 1958ஆம் ஆண்டில் வெளிவந்த சுபாரு 360 என்னும் சின்னஞ்சிறு காரை வடிவமைத்த மொமோசே ஷின்ரோக்கு, முன்னர் நக்காஜிமாவில் விமான எஞ்சின்களோடு பழகியவர். தனிச்சட்டம் இன்றி உடலையே சட்டமாக்கும் விமான முறையைக் கையாண்டு, நான்கு பேர் அமரக்கூடிய அவ்வண்டியின் நிறையை நானூறு கிலோவுக்கும் குறைவாக நிறுத்தினார்.

மற்றொரு கிளை வேறு வழியிற் சென்றது. தாச்சிக்காவா என்னும் இன்னொரு விமான நிறுவனத்துப் பொறியியலாளர் சிலர், பெற்றோல் கிடைப்பது அரிதாயிருந்த 1947ஆம் ஆண்டிலே, மின்கலத்தால் ஓடும் 'தாமா' என்னும் காரைச் செய்தனர். மணிக்கு 35 கிலோமீற்றர் வேகமே அதன் எல்லை. இவர்களின் நிறுவனம் பின்னர் 'பிரின்ஸ்' எனப் பெயர் பெற்று, 1954ஆம் ஆண்டில் நக்காஜிமாவின் எஞ்சின் பிரிவிலிருந்து தோன்றிய நிறுவனத்தோடு இணைந்தது. போர்க்காலத்தில் 'ஹொமாரே' என்னும் பெரிய விமான எஞ்சினை வடிவமைத்த நாக்காகாவா ரியோயிச்சி, இங்குக் கார்த் தொழிலின் தலைவர்களுள் ஒருவரானார். 1957ஆம் ஆண்டில் இந்நிறுவனம் வெளியிட்ட கார்தான் 'ஸ்கைலைன்'.

ஸ்கைலைன் முதலில் ஒரு குடும்பக் கார். அதனைப் பந்தயக் காராக்கிய பெருமை சக்குராயி ஷின்இச்சிரோ என்னும் வடிவமைப்பாளருக்கும் அவருடைய குழுவினருக்கும் உரியது. நான்கு உருளை எஞ்சினுக்காக அமைந்த அக்காரின் முன்பகுதியை அவர்கள் ஏறத்தாழ 20 சென்றிமீற்றர் நீட்டி, வேறொரு காரின் ஆறு உருளை எஞ்சினை உள்ளே பொருத்தினர். 1964ஆம் ஆண்டு மே மாதம் சுசுக்கா என்னுமிடத்தில் நடந்த பந்தயத்தில், ஜெர்மனியின் போர்ஷ் பந்தயக் காரோடு அது போட்டியிட்டது. ஒரு சுற்றில் ஸ்கைலைன் போர்ஷை முந்திச் சென்றபோது காண்போர் எழுந்து ஆர்ப்பரித்தனர். முடிவில் வென்றது போர்ஷ். ஆனால் அடுத்த ஐந்து இடங்களையும் ஸ்கைலைன் கார்களே பெற்றன.

1966ஆம் ஆண்டில் பிரின்ஸ் நிறுவனம் நிஸான் நிறுவனத்தோடு இணைந்தது. 1969ஆம் ஆண்டில் வந்த ஸ்கைலைன் ஜீ.ரீ.ஆர். கார், இருபத்துநான்கு வால்வுகளைக் கொண்ட இரண்டு லீற்றர் எஞ்சினிலிருந்து 160 பரிவலு தந்தது. மூன்றே ஆண்டுகளில் ஜப்பானியப் பந்தயங்களில் ஏறத்தாழ ஐம்பது வெற்றிகளை ஈட்டியது. பின்னர், சக்குராயியின்கீழ்த் தொழில் பயின்ற இத்தோ நாகனோரியின் பொறுப்பில், 1989ஆம் ஆண்டில் ஆர் 32 என்னும் ஜீ.ரீ.ஆர். வெளிவந்தது. வளியூட்டும் டேர்போ இரண்டினைக் கொண்ட அவ்வெஞ்சினின் ஆற்றல் 280 பரிவலு. ஜப்பானியத் தேசியப் பந்தயத் தொடரில் 1990 முதல் 1993 வரை நடந்த இருபத்தொன்பது ஓட்டங்களிலும் அதுவே வென்றது.

இன்று அக்கார்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. உலகின் பல நாடுகளிலே, தொழிலாகவன்றி விருப்பமாகவே, ஓய்வு நேரத்தில் அவற்றைப் பிரித்துச் சீர்செய்து புதுக்குவோர் பலர் உளர்.

அப்பணி எத்தகையது? முதலிற் காரை முழுவதும் கழற்றுதல் வேண்டும். கழற்றிய ஒவ்வோர் உறுப்புக்கும் எண்ணிட்டு, அது இருந்த இடத்தையும் குறித்து வைத்தல் வேண்டும். பின்னரே காரின் உண்மைப் பகையாகிய கறள் வெளிப்படும். மேலே பளபளப்பான வண்ணம் இருக்கும். கதவின் அடிப்புறத் தகட்டிலும், பின்சக்கரத்தின் அதிர்வு தாங்கி பொருந்தும் இடத்திலும் இரும்பு உள்ளேயே அரிக்கப்பட்டிருக்கும். கறள் பிடித்ததன்மேல் வண்ணம் பூசுபவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கின்றான். நல்ல இரும்பு தோன்றும் வரையிலும் வெட்டி நீக்கி, அதே தடிப்பான தகட்டை வளைத்து ஒட்டவைத்தல் வேண்டும். எஞ்சினில் ஒவ்வோர் உருளையின் விட்டத்தையும் நுண்ணளவு கருவியால் அளந்து, தேய்ந்ததைக் கடைந்து, அதற்கேற்ற புதிய முசலத்தை இடுதல் வேண்டும். இவை மாதங்களையும் ஆண்டுகளையும் உண்ணும் வேலைகள்.

இவ்வேலையினும் கடினமானது ஒன்று உண்டு. எதனைப் பழையபடியே பேணுவது, எதனை மாற்றுவது என்று துணிதலே அது. ஆர் 32 காரின் டேர்போவிற் சுழலும் சக்கரம், விரைவில் வேகம் பெறும் பொருட்டு, இரும்பினும் இலேசான சுட்ட பீங்கான் வகைப் பொருளாற் செய்யப்பட்டது. அளவுக்கு மீறிய அழுத்தத்தை ஏற்றினால் அது உடைந்துபோதல் உண்டு. எனவே சிலர் அதனை நீக்கி உலோகச் சக்கரம் இடுகின்றனர். சிலரோ, உடையக்கூடியதாயினும் செய்தவர்கள் கருதிய வண்ணமே கார் இருத்தல் வேண்டும் என்கின்றனர். முன்னவருக்குக் கார் ஓடவேண்டிய ஒன்று; பின்னவருக்கு அது ஒரு காலத்தின் சான்று. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எதை மாற்றினோம் என்பதை மறையாது குறித்து வைப்பவர் எவரோ அவரே நேர்மையான பணியாளர்.

கார் செய்தவர்களும் பழமையின் அருமையை உணர்ந்துள்ளனர். நிஸான் நிறுவனத்துத் தொழிலாளரும் பொறியியலாளரும் விருப்பத்தால் அமைத்துக்கொண்ட சங்கமொன்று, பழைய கார்களைச் சீர்செய்து வருகின்றது. 1947ஆம் ஆண்டின் மின்காராகிய தாமாவை அவர்கள் 2010ஆம் ஆண்டில் மீண்டும் ஓடச் செய்தனர். ஆர் 32 காருக்கு நின்றுபோன உதிரி உறுப்புகள் சிலவற்றை நிஸான் 2017ஆம் ஆண்டு முதல் மீளவும் செய்து விற்கத் தொடங்கியது.

இலங்கையிலோ பழைய காரைப் புதுக்குதல் பெரும்பாலும் விருப்பத்தாலன்றித் தேவையாலேயே வளர்ந்த கலை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1977ஆம் ஆண்டுக்கு முன்னர்ப் புதிய கார் வருவது அரிது. அவ்வாண்டின்பின் சந்தை திறக்கப்பட, ஜப்பானில் ஓடிய கார்கள் பெருந்தொகையாக வந்தன. 2020ஆம் ஆண்டில் இறக்குமதி மீண்டும் தடைப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேதான் தனிப்பட்டோரின் கார்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் இருந்ததைப் பேணியே வாழ்ந்தனர். யாழ்ப்பாணத்தார் இதில் அடைந்த தேர்ச்சி தனிச்சிறப்புடையது. 1990களிற் பொருளாதாரத் தடையாற் பெற்றோல் கிடையாதபோது, மொறிஸ், ஒஸ்ரின் முதலிய பழைய ஆங்கிலக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலாற் சிறிதளவு பெற்றோலைக் கொடுத்து எஞ்சினைச் சூடேற்றி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதனை ஏற்றன, ஜீ.ரீ.ஆர். போன்ற எஞ்சின் ஏற்றிராது. பெற்றோலின்றி மின்கலத்தை நாடிய தோக்கியோவின் விமானப் பொறியியலாளரும், மண்ணெண்ணெயை நாடிய யாழ்ப்பாணத்துக் கராஜ் தொழிலாளரும் ஒரே பள்ளியின் மாணாக்கரே.

கட்டைபறிச்சானின் மக்களும் அப்பள்ளியை அறிவர். 2006ஆம் ஆண்டில் மூதூர்ப் பகுதியிற் போர் மூண்டபோது, சுற்றிலுமுள்ள ஊர்களின் மக்கள் வீடுவாசலை விட்டு ஓடினர். சம்பூரைச் சேர்ந்தோர் பலர் ஆண்டுக்கணக்காகக் கட்டைபறிச்சானிலும் கிளிவெட்டியிலும் அமைந்த முகாம்களில் வாழ்ந்தனர். 2015, 2016ஆம் ஆண்டுகளிற் காணிகள் விடுவிக்கப்பட்டு அவர்கள் மீண்டபோது, எஞ்சிய அத்திவாரத்தின்மேல் எழுப்புவதா, புதிதாய்த் தொடங்குவதா என்னும் அதே வினா அவர்கள்முன்னும் நின்றது. காரைப் புதுக்குபவனுக்கு அது விருப்பத்தின் வினா. அவர்களுக்கு அது வாழ்க்கையின் வினா. இவ்வேற்றுமையை மறத்தலாகாது.

குடாவின் வடபுறத்தில், பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பது எஞ்சியுள்ளன. 1942இல் எரிந்த தாங்கியின் உருகி வளைந்த இரும்பும் அப்பாற் கிடக்கின்றது. அதனைச் செப்பனிட எவரும் முயலவில்லை, முயலவும் வேண்டுவதில்லை. அதனை எரித்த படையை இயக்கிய எஞ்சினின் அறிவோ, கடல் கடந்து, ஸ்கூட்டராகி, சிறு காராகி, பந்தயக் காராகி, இன்று யாரோ ஒருவரின் கொட்டிலிலே கறள் நீக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றது. அவ்வறிவு செய்த அழிவையும் ஆக்கத்தையும் ஒருங்கே நினைவிற் கொள்ள விரும்புவோர்க்கு, வளைந்த அவ்விரும்பும் வேண்டும். செப்பனிட்ட அவ்வண்டியும் வேண்டும்.