காய் நகர்ந்ததும் ஊர் பார்க்கும்: இணையச் சதுரங்கத்தில் பார்வையாளரும் அந்தரங்கமும்

2023 ஏப்ரல் 20 அன்று கஜகஸ்தானின் அஸ்தானா நகரில் டிங் லிரனும் இயான் நெப்போம்னியாச்சியும் உலக சாம்பியன் பட்டத்துக்கான 8ஆவது ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார்கள். வீரர்களைச் சோதனை போட்டு உள்ளே விடும் அளவுக்கு அரங்கில் கட்டுக்காவல் இருந்தது. ஆனால் ரகசியம் வேறொரு வாசல் வழியாக ஏற்கனவே வெளியேறியிருந்தது. ஆட்டத்தை இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ரசிகர், அந்த நகர்வுகளை லைசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தின் ஆட்டத் தொகுப்பில் தேடிப் பார்த்தார். போட்டி தொடங்குவதற்கு முன்பே பெயர் தெரியாத இரண்டு கணக்குகள் அதே மாதிரித் தொடக்கங்களை ஆடிப் பார்த்திருந்தன. ஒன்று டிங்குடையது, மற்றது அவருடைய உதவியாளர் ரிச்சர்ட் ராப்போர்ட்டுடையது என்று செஸ் உலகம் ஒரே நாளில் முடிவுகட்டியது. செய்தியாளர்கள் கேட்டபோது டிங் பிடிகொடுக்கவில்லை.

அந்தக் கணக்குகளை யாரும் ஊடுருவவில்லை, கடவுச்சொல்லைத் திருடவுமில்லை. மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கிய தயாரிப்பு உலகத்துக்கே திறந்திருந்த இடத்தில் கிடந்தது, அவ்வளவுதான். எத்தனையோ கிராண்ட்மாஸ்டர்கள் இப்படிப் புனைபெயரில் பழகுகிறார்கள். முகமூடி போட்டுக்கொண்டால் போதும், நடுத்தெருவில் நின்றும் ரகசியம் பேசலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. முகம் மறைந்திருந்தாலும் நகர்வு மறையாது என்பதை அஸ்தானா காட்டியது. (பட்டத்தை டிங்தான் வென்றார், அதுவும் டைபிரேக்கில்.)

இணையத்துக்கு முன்பு நிலைமை நேர்மாறாக இருந்தது. நகர்வுகளை மறைக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அவை மறுநாள் செய்தித்தாளில் அச்சாகும், பிறகு புத்தகமாகும். வீரர்கள் காக்கப் போராடியது தங்கள் உடம்பையும் அறையையும்தான். 1972இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் பாபி ஃபிஷர் முதல் ஆட்டத்தில் தோற்றதும், படம்பிடிக்கும் கேமராக்கள் தன் கவனத்தைக் குலைக்கின்றன என்று சண்டை பிடித்தார். அவற்றை அகற்றும்வரை வரமாட்டேன் என்று 2ஆவது ஆட்டத்துக்குப் போகாமலேயே புள்ளியை இழந்தார். 3ஆவது ஆட்டம் பார்வையாளர்களை விட்டு விலகி, மேடைக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய அறையில் நடந்தது. பெருந்தன்மையோடு அதற்கு ஒப்புக்கொண்ட போரிஸ் ஸ்பாஸ்கியை ஃபிஷர் தன் வாழ்க்கையிலேயே முதன்முறையாக வென்றது அந்த அறையில்தான். ஸ்பாஸ்கி மறுத்திருந்தால் சதுரங்க வரலாறு வேறு மாதிரி போயிருக்கும்.

1978இல் பிலிப்பைன்ஸின் பாகியோவில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் பிரச்சினை கேமராவால் வரவில்லை, ஒரு பார்வையாளரால் வந்தது. அனடோலி கார்ப்போவ் தரப்பில் வந்திருந்த விளாதிமிர் ஸுகார் என்ற உளவியலாளர், அரங்கில் அமர்ந்து விக்டர் கோர்ச்னோயை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். மனோவசியம் செய்கிறார் என்று கோர்ச்னோய் தரப்பு கொதித்தது. கோர்ச்னோய் கண்ணாடிபோல் பளபளக்கும் மூக்குக்கண்ணாடி அணிந்து ஆடினார். பார்வையாளர் எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்பதே பேச்சுவார்த்தைக்குரிய விஷயமானது.

இந்த வகைத் தகராறின் உச்சம் 2006இல் ரஷ்யாவின் எலிஸ்தாவில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் வந்தது. வீரர்களின் ஓய்வறைகளில் கண்காணிப்புக் கேமரா இருந்தது, கழிப்பறையில் இல்லை. விளாதிமிர் கிராம்னிக் அடிக்கடி கழிப்பறைக்குப் போகிறார் என்று வெசலின் டோப்பலோவின் மேலாளர் சில்வியோ டனைலோவ் புகார் எழுதினார். ஓய்வறைப் பதிவுகள் எதிர்த்தரப்புக்குக் காட்டப்பட்டன. தனிக் கழிப்பறைகளைப் பூட்டிப் பொதுக் கழிப்பறையைத் திறந்துவிட மேல்முறையீட்டுக் குழு முடிவுசெய்தது. கிராம்னிக் 5ஆவது ஆட்டத்தை ஆட மறுத்துப் புள்ளியை இழந்தார். கடைசியில் பட்டம் அவருக்குத்தான். கேமராவுக்கு எட்டாத ஒரே இடம் என்பதாலேயே அந்த இடத்தின் மீது சந்தேகம் விழுந்ததைக் கவனிக்க வேண்டும். பின்னால் வீட்டு அறைகளுக்கும் இதே தர்க்கம் நீண்டது.

இதற்கெல்லாம் இடையில், 1992 ஜனவரியில், அமெரிக்காவில் மைக்கேல் மூரும் ரிச்சர்ட் நாஷும் இணையச் சதுரங்க சர்வர் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அது டெல்நெட் காலம். கறுப்புத் திரையில் கோடுகளும் எழுத்துகளுமாகப் பலகை தெரியும், நகர்வைத் தட்டச்சு செய்ய வேண்டும். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் ஸ்லீட்டர் அதைக் கையில் எடுத்து, 1995இல் இன்டர்நெட் செஸ் கிளப் என்று பெயர் மாற்றி, ஆண்டுக்கு 49 டாலர் கட்டணம் வைத்தார். கட்டணத்தை எதிர்த்தவர்கள் அதே மாதத்தில் இலவச சர்வர் ஒன்றை நிறுவினார்கள். அதுதான் ஃபிக்ஸ்.

அந்தக் கறுப்புத் திரைக்குள் ஒரு சமூக ஒழுங்கு இருந்தது. ‘கேம்ஸ்’ என்று தட்டினால் அந்த நிமிடத்தில் நடக்கும் ஆட்டங்கள் எல்லாம் பட்டியலாக வரும். ‘அப்சர்வ்’ என்று தட்டி ஆட்டத்தின் எண்ணைக் கொடுத்தால் அந்தப் பலகைக்கு அருகில் போய் நின்றுவிடலாம். யார் யார் நிற்கிறார்கள் என்று ஆடுபவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். கருத்துச் சொல்ல இரண்டு கட்டளைகள் இருந்தன. ‘கிபிட்ஸ்’ என்றால் ஆடுபவர்களுக்கும் போய்ச் சேரும், ‘விஸ்பர்’ என்றால் வேடிக்கை பார்ப்பவர்களுக்குள் மட்டும் சுற்றும். யாருமே பார்க்க வேண்டாம் என்று நினைப்பவர் ‘பிரைவேட்’ என்ற சாவியைத் திருப்பிவைத்தால் ஆட்டம் மற்றவர்களுக்கு மூடிக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. பாரிஸ் காப்பிக்கடைகளில் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, வாயை அடக்க முடியாமல் யோசனை சொல்லித் திட்டு வாங்கிய கூட்டத்தை ஒரு நிரலுக்குள் கொண்டுவந்து, அதன் வாயை மட்டும் நாசூக்காகத் திருப்பிவிட்ட வேலை அது. லைசெஸில் ஆடுபவர்களின் அரட்டையும் பார்வையாளர்களின் அரட்டையும் தனித்தனியாக இருப்பது இதன் வாரிசுதான். ஆனால் அந்த ‘பிரைவேட்’ சாவிக்கு வாரிசு இல்லாமல் போனது. லைசெஸில் பயிற்சிக் குறிப்பேட்டைப் பூட்டிவைக்கலாம், ஆடிய ஆட்டத்தைப் பூட்ட முடியாது. டெல்நெட் காலத்தில் இருந்த ஓர் உரிமை, பளபளப்பான பலகைகள் வந்தபோது சத்தமில்லாமல் கழன்றுகொண்டது.

அந்த நாட்களில் உடம்பு முழுவதும் மறைந்திருந்ததற்கு நல்ல சாட்சி இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் நைஜல் ஷார்ட்டின் கதை. இணையத்தில் பெயரில்லாத ஒருவரோடு அதிவேக ஆட்டங்கள் ஆடித் தோற்றதாகவும், அவர் ஃபிஷர்தான் என்று தனக்குக் கிட்டத்தட்ட நிச்சயம் என்றும் அவர் 2001இல் எழுதினார். அர்மாண்டோ அசெவேடோவைத் தெரியுமா என்று ஷார்ட் கேட்டதற்கு, “சீகன் 1970” என்று உடனே பதில் வந்ததாம். ஃபிஷர் 1970 சீகன் ஒலிம்பியாடில் அவரோடு ஆடியவர். செய்தி உலகமெங்கும் பரவியது, ஃபிஷர் மறுத்தார். கணினி ஒன்றை வைத்துக்கொண்டு யாரோ விளையாடிய வேடிக்கை என்றே பின்னால் பலரும் முடிவுக்கு வந்தார்கள். கேமராவுக்குப் பயந்து பின்னறைக்கு ஓடியவரின் பெயரை, முகமே தேவைப்படாத ஓரிடத்தில் யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ள முடிந்தது.

பார்வையாளரே ஆட்டக்காரராக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 1999இன் ‘காஸ்பரோவ் எதிர் உலகம்’ விடை சொன்னது. மைக்ரோசாஃப்ட் நடத்திய அந்த ஆட்டம் ஜூன் 21 முதல் அக்டோபர் 22 வரை நீடித்தது. 75க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 50,000க்கும் அதிகமானவர்கள் வாக்களித்து ஒவ்வொரு நகர்வையும் தீர்மானித்தார்கள். காஸ்பரோவ் 62 நகர்வுகளில் வென்றார். உலகம் தன் வியூகத்தைப் பொதுவெளியில் விவாதித்ததையும், தான் அதைப் படித்துக்கொண்டிருந்ததையும் பின்னால் அவரே சொன்னார். ஒருவர் மூளைக்குள் யோசிக்கிறார், 50,000 பேர் சந்தையில் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். யோசனைக்கு மறைவிடம் இல்லாத தரப்பு அத்தனை தூரம் தாக்குப்பிடித்ததே வியப்பு.

நகர்வு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி பிறகு நீதிமன்றத்துக்குப் போனது. 2016இல் நியூயார்க்கில் மாக்னஸ் கார்ல்சனும் செர்கேய் கர்யாகினும் மோதியபோது, போட்டியை நடத்திய ஏகான் நிறுவனம், ஆட்டம் நடக்கும் நேரத்தில் மற்றத் தளங்கள் நகர்வுகளை வெளியிடுவதைத் தடுக்கக் கேட்டது. நீதிபதி விக்டர் மர்ரேரோ மறுத்துவிட்டார். மாஸ்கோ நீதிமன்றத்திலும் அந்த நிறுவனத்துக்கு வெற்றி கிடைக்கவில்லை. ஆடி முடித்த நகர்வு வெறும் தகவல், அதற்குச் சொந்தம் கொண்டாட முடியாது என்ற எண்ணம் வலுப்பட்டது. தீர்ப்பு சரியானதே. ஆனால் அங்கே வாதாடியவர்கள் வியாபாரிகள். ஆடுபவரின் அந்தரங்கம் அந்த வழக்கில் ஒரு தரப்பாகவே இல்லை.

எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது கொரோனா. 2020இல் போட்டிகள் வீட்டுக்குள் வந்தன. கூடவே கேமராக்களும் வந்தன. முகத்துக்கு ஒன்று, திரையையும் அறையையும் காட்டப் பின்னாலிருந்து இன்னொன்று, திரைப் பகிர்வு, திறந்துவைத்த மைக் என்று நடுவர் வீட்டுக்குள் குடியேறினார். கண் ஓரமாகத் திரும்பினால் கேள்வி வரும். சென்னைப் பிள்ளைகள் இந்த ஏற்பாட்டுக்குப் பழகியவர்கள். 2022 பிப்ரவரியில் 16 வயது பிரக்ஞானந்தா இணையத்தில் கார்ல்சனை 39 நகர்வுகளில் வீழ்த்தினார். அதே ஆண்டு மே மாதம் அனிஷ் கிரியுடனான அரையிறுதியை இரவு 2 மணிவாக்கில் முடித்துவிட்டு, காலையில் 11ஆம் வகுப்புத் தேர்வுக்குப் போனார். ஒரு மாணவனின் தூக்கக் கலக்கம்கூட உலக ஒளிபரப்பாக இருந்த காலம் அது.

சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2021 ஜூனில் கோவிட் நிவாரணத்துக்காக விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்களோடு ஒரே நேரத்தில் ஆடினார். அதில் தொழிலதிபர் நிகில் காமத் அவரை வென்றார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சில நிமிடங்களிலேயே மூக்கில் விரல் வைத்தார்கள். கணினியின் உதவியும் ஆட்டத்தை அலசியவர்களின் உதவியும் தனக்கு இருந்ததை மறுநாள் அவரே ஒப்புக்கொண்டார். பார்வையாளர் கூட்டம் காவலர் கூட்டமாக மாறும் வேகத்தை அன்று இந்தியா பார்த்தது.

காவலுக்கு எளிய வழி தாமதம். 2022 செப்டம்பரில் செயின்ட் லூயிஸில் ஹான்ஸ் நீமனிடம் தோற்ற கார்ல்சன் போட்டியிலிருந்து விலகி, ஏமாற்று நடந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்ததும், அடுத்த சுற்றிலிருந்து நேரலை 15 நிமிடம் தாமதமாகப் போனது. லைசெஸும் நடந்துகொண்டிருக்கும் ஆட்டங்களை வெளி நிரல்களுக்கு 3 முதல் 60 விநாடி தாமதித்தே கொடுக்கிறது. பார்வையாளரை வெளியேற்றாமல் அவர் கடிகாரத்தை மட்டும் பின்னுக்குத் தள்ளும் இந்த ஏற்பாடு, ‘விஸ்பர்’ கட்டளைக்குப் பிறகு இத்துறையில் வந்த ஆகச் சிறந்த யோசனை.

அதே விவகாரத்தில் இன்னொன்றும் நடந்தது. இணையச் சதுரங்கத் தளமான செஸ்.காம் 72 பக்க அறிக்கை வெளியிட்டு, நீமன் 100க்கும் மேற்பட்ட இணைய ஆட்டங்களில் ஏமாற்றியிருக்க வாய்ப்புண்டு என்றது. தளத்துக்கும் வீரருக்கும் இடையில் மட்டும் நடந்த கடிதப் போக்குவரத்தும் அதில் வெளியே வந்தது. நீமன் சிறு வயதில் சில ஆட்டங்களில் தவறு செய்ததை ஒப்புக்கொண்டார், அறிக்கை சொன்ன அளவை மறுத்தார். 10 கோடி டாலர் கேட்டு அவர் போட்ட வழக்கு 2023இல் சமரசத்தில் முடிந்தது. மூடிய கதவுக்குள் பேசியதை எப்போது வெளியே சொல்லலாம் என்பதற்கு அதன் பிறகும் தெளிவான பொது விதி ஏற்படவில்லை.

பெரிய வீரர்களை விடுவோம். லைசெஸ் 2013 ஜனவரியிலிருந்து ஆடப்பட்ட தரவரிசை ஆட்டங்களை மாதாமாதம் யாரும் இலவசமாகப் பதிவிறக்கும்படி வெளியிடுகிறது. 500 கோடிக்கும் மேற்பட்ட ஆட்டங்கள், கணக்குப் பெயரோடும் நேரத்தோடும். ஆராய்ச்சிக்கு இது பொற்சுரங்கம். அந்தச் சுரங்கத்திலிருந்து 2021இல் வந்த ஓர் ஆய்வை ரீட் மெக்கில்ராய்-யங், ஜான் கிளைன்பெர்க், ஆஷ்டன் ஆண்டர்சன் முதலியோர் எழுதினார்கள். ஒருவர் ஆடிய 100 ஆட்டங்களைக் கொடுத்தால், ஆயிரக்கணக்கானவர்களிலிருந்து அவரை 98 விழுக்காடு துல்லியத்தோடு அவர்களுடைய நிரல் அடையாளம் காட்டியது. பெயரோ முகமோ அதற்குத் தேவைப்படவில்லை, நகர்வுகள் மட்டும் போதும். புனைபெயர் தந்த கடைசிப் பாதுகாப்பும் இத்தோடு ஆட்டம் கண்டது. 2023 நவம்பரில் செஸ்.காம் பயனர்கள் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மின்னஞ்சல் உள்ளிட்ட விவரங்கள் துருவியெடுக்கப்பட்டு வெளியானதையும் சேர்த்துப் பார்த்தால், நகர்வையும் ஆளையும் இணைக்கும் நூல் மிக மெல்லியது என்று சொல்லிக்கொள்ள இனி முடியாது.

ஆக, 1972இல் உடம்பு மறைய விரும்பியது, நகர்வு வெளிப்படையாக இருந்தது. 1990களில் உடம்பு மறைந்தேவிட்டது, நகர்வுக்கும் ஒரு பூட்டு கிடைத்தது. 2020க்குப் பிறகு இரண்டும் திறந்து கிடக்கின்றன. கார்ல்சனுக்கும் டிங்குக்கும் இது தொழில். மாதத் தொகுப்பில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு இது பொழுதுபோக்கு, அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது, அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. குழந்தையின் அறையில் இரண்டு கேமரா வைக்கச் சொல்லும் இணையப் போட்டி, இந்தச் சட்டத்தின் பார்வையில் எங்கே நிற்கிறது என்று அமைப்பாளர்கள் யோசித்தாக வேண்டும். அந்தப் பதிவை யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்ற மூன்றையும் நுழைவுப் படிவத்திலேயே எழுதட்டும். எழுதவில்லையென்றால் பணம் கட்டும் முன்பு பெற்றோர் கேட்கட்டும். பிள்ளைக்குக் கணக்கு திறக்கும்போது முழுப் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்துப் பயனர்பெயர் வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். கணக்கைப் பிறகு மூடிவிட்டாலும், பதிவிறக்கம் செய்யப்பட்ட மாதத் தொகுப்புகளிலிருந்து அந்தப் பெயரை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.